ஏழை நாட்டுக்குச் சுவெட்டர்

பணக்கார நாடுகள் ஏழை நாடுகளைக் கைதூக்கிவிட வேண்டுமா, வேண்டாமா? இந்தக் கேள்விக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தீர்ப்பு சொல்லப்பட்டது. அது வெளியே தெரியாமல் போனது உலகத்தின் நஷ்டம்.

திருவிழாப் பட்டிமன்றத்துக்கு வழக்கமாக மலைக்குக் கீழே ஈப்போ நகரத்திலிருந்து பேச்சாளர்கள் வருவார்கள். அந்த வருஷம் மலைப்பாதையில் மண் சரிந்து அவர்களால் வர முடியவில்லை. நாமே பேசினால் என்ன என்று கோயில் கூட்டத்தில் நான்தான் ஆரம்பித்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாத்தியார் நடுவராக இருக்க ஒப்புக்கொண்டு தலைப்பையும் கொடுத்தார். 'உதவ வேண்டும்' அணிக்கு நான் தலைவி. 'வேண்டாம்' அணிக்கு ஆளே சிக்கவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை? கடைசியில் என் வீட்டுக்காரர் எழுந்து, "நான் பேசறேன் லா. வீட்டுலதான் வாயத் தொறக்க முடியல" என்றார். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று.

என்னை உசுப்பிவிட்டது தலைப்பு இல்லை. என் வீட்டுக்காரரின் மிஷின் கூட்டாளி. எங்கள் தோட்டத்தில் இப்போது முக்கால்வாசிக் கொழுந்தை மிஷின்தான் வெட்டுகிறது. தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று, ஆளுக்கொரு பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே நடக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தாலும் செடி மொட்டை. ஒரு பிடி என் வீட்டுக்காரருக்கு, மறுபிடி வங்காளதேசத்திலிருந்து வந்த ஒரு தம்பிக்கு. அவன் தமிழ் கற்றுக்கொண்டதே என் வீட்டுக்காரரிடம்தான், ஓடுகிற இன்ஜினுக்கு மேலே. அதனால் "சாப்பிட்டீங்களா அக்கா" என்பதைக்கூடச் சண்டைக்கு வருகிறவன் மாதிரி கத்தித்தான் கேட்பான்.

அந்த வாரம் அவன் கத்தவில்லை. ஊரில் ஆறு பெருகி, வீட்டில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. மனைவியும் கைக்குழந்தையும் கரை மேட்டில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தார்கள். அவன் போய் நாலு கம்பை நட்டுக் கூரை போட்டால்தான் அவர்களுக்கு வீடு. ஆனால் கிளம்பாமலே உட்கார்ந்திருந்தான். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று தயங்குகிறான்போல என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவனிடம் கேட்டேனா என்றால், இல்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. வெளியே பனி இறங்கிக் கோபுரம் பாதிதான் தெரிந்தது. முன்வரிசையில் மாலையோடு எங்கள் துரை, அதாவது தோட்டத்து மேனேஜர். முதலில் நான் பேசினேன். கரைமேட்டில் ஓர் அபலை, கையில் பச்சைப் பிள்ளை, தலைக்கு மேல் ஒரு துண்டுத் தார்ப்பாய் என்று குரலை ஏற்றி இறக்கி விளாசினேன். பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அடுத்து என் வீட்டுக்காரர் வந்தார். மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

"நடுவர் அவர்களே, போன வருசம் பணக்கார நாட்டுலேருந்து ஒரு கூட்டம் நம்ம லயத்துக்கு வந்துச்சு. பாவம், ஏழைங்கன்னு சொல்லி, வீட்டுக்கு வீடு வெயில்ல சார்ஜ் ஏத்தற வெளக்கு குடுத்துட்டுப் போனாங்க. நம்ம வீட்டுல கரண்டு இருக்கு. நம்ம ஊருல இல்லாதது வெயிலுதான் லா."

மண்டபம் அதிர்ந்தது. துரைகூட மாலையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அந்த விளக்கில் ஒன்று என் வீட்டு அலமாரி மேல் இன்னும் எரியாமல் இருக்கிறது. என் அணியே சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ரோஷம் தலைக்கேறி, மைக்கைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அவங்க என்னமோ குடுக்கட்டும். இன்னிக்கு நாமதான் பணக்கார நாடு. நம்ம தம்பி ஊரு தண்ணில போயிருச்சு. அவன் வெறுங்கையோட போவக்கூடாது. இந்தாங்க, என் சுவெட்டரு."

கழற்றி மேடையில் போட்டேன். முன்பு கீழே லெம்பா பெர்த்தாம் வீடுகளில் சேறு புகுந்தபோது நாங்கள் உதவிக்கு முதலில் தூக்கிக்கொண்டு ஓடியதும் சுவெட்டரும் கம்பளியும்தான். இந்த மலையில் ஒருவருக்குக் கஷ்டம் என்றால் எங்கள் கை தானாக அங்கேதான் போகும். பிறகு நடந்ததைத் தடுக்க அந்த அம்மனாலும் முடியவில்லை. பெண்கள் கழற்றினார்கள், ஆண்கள் கழற்றினார்கள், கைக்குழந்தையின் குல்லாய்கூடப் பறந்து வந்தது. நடுவர் எழுந்து தன் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் மேடையில் சுவெட்டர் மலை. கீழே பல் கிடுகிடுக்கும் ஜனம். அவ்வளவு குளிரிலும் எல்லாருக்கும் ஒரே குதூகலம். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் சுவெட்டரைக் கழற்றவில்லை. "எல்லாம் சரி. அவன யாராச்சும் கேட்டீங்களா?" என்றார். கடைசி வரிசையில் நின்ற தம்பியைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்து மைக்கைக் கொடுத்தார்.

அவன் சுவெட்டர் மலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு வழக்கம்போலக் கத்தினான். மைக் வேறு.

"அக்கா, ரொம்ப நன்றி அக்கா. ஆனா எங்க ஊரு கம்போங் சூடு அக்கா. ஈப்போவ விட சூடு."

 பிறகு எழுந்த சிரிப்பில் மண்டபத் தகரம் பறக்காதது ஆச்சரியம். நான் மேடையில், சுவெட்டர் இல்லாமல், முகம் மட்டும் கொதிக்க நின்றேன். அவமானமாக இருந்தது. ஆனால் அவனே சிரிக்கவும் எனக்கும் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப ஒனக்கு என்னப்பா வேணும்?" என்று நடுவர் கேட்டார். அவன் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது.

"என் எடம் வேணும் சார். நான் ஊருக்குப் போனா மிஷின் நின்னுரும், வேற ஆளப் போட்டுருவோம்னு ஆபீஸ்ல கணக்கெழுதற கிராணி சொன்னாரு. வேல போயிட்டா வீடு கட்டி என்னா சார், என்னாத்த சாப்பிடறது? நான் போயிட்டு வர்ற வரைக்கும் என் எடத்த வச்சிருந்தா போதும்."

சிரிப்பு நின்றுவிட்டது. அத்தனை தலையும் முன்வரிசைக்குத் திரும்பியது. ஆபீஸில் கேட்டிருந்தால் கிராணி சொன்னதையே துரையும் சொல்லியிருப்பார். மாலை போட்டு, சாமிக்கு முன்னால் உட்காரவைத்துக் கேட்டால் என்ன செய்வார்? இருமினார். "போலே லா, சரி. எடம் இருக்கும். ஆனா மிஷின் நிக்கக் கூடாது. அந்தப் பக்கம் யாரு புடிப்பா?"

"எங்க வீட்டம்மா புடிப்பாங்க, துரை" என்றார் என் வீட்டுக்காரர். "ஒதவணும்னு சொன்ன கட்சி அவங்கதான்."

தீர்ப்பு அவ்வளவுதான். நடுவர் எழுதிக்கொண்டு வந்திருந்த தீர்ப்பை யாரும் கேட்கவில்லை. எல்லாரும் அவரவர் சுவெட்டரைத் தேடி மேடைமேல் பாய்ந்தார்கள். அதற்குப் பிறகு பல நாள் யாரோ ஒருவருடைய சுவெட்டரில் யாரோ ஒருவர் திரிந்தார்கள். நடுவர் ரோஜா நிறத்தில் பூப்போட்ட ஒன்றை மாட்டிக்கொண்டு கியா பார்ம் சந்தைக்குப் போனதை நானே பார்த்தேன்.

தம்பி விமானம் ஏறினான். நான் மிஷின் தூக்கினேன். அதுவரை கையால் கொழுந்து எடுத்தவள்தான், ஆனால் அந்த மிஷினின் கனம் வேறு. முதல் வரிசையிலேயே சாய்த்துப் பிடித்துச் செடியை மழித்துவிட்டேன். "ஏத்திப் புடி" என்று அவர் கத்த, "ஏத்தித்தான் புடிச்சிருக்கேன், நீங்க எறக்குங்க" என்று நான் கத்த, பட்டிமன்றம் சரிவு நெடுக நடந்தது. சாயங்காலம் குழம்புக் கரண்டியைப் பிடித்தால் கை தானாக ஆடும். ஒருநாள் கேட்டேன், "எடம்தான் வேணும்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா? அதுக்குத்தான் எதிரணில நின்னீங்களா?" அவர் இன்ஜின் கயிற்றை இழுத்தார்.

பயமும் இருந்தது. நாங்கள் தடுமாறினால் துரை மனசு மாறிவிடுவாரோ என்று. கை விட்டுப்போகும் போலிருந்த நாளிலெல்லாம் அந்தத் தார்ப்பாயை நினைத்துக்கொள்வேன். மிஷின் நிற்கவில்லை.

ஒரு காலையில், பனிக்குள் எதுவும் தெரியாத நேரத்தில், "சாப்பிட்டீங்களா அக்கா" என்று கீழேயிருந்து ஒரு கத்தல். தம்பி கறுத்து, இளைத்து ஏறி வந்தான். வீடு நிற்கிறதாம், பிள்ளை தவழ்கிறதாம். பைக்குள்ளிருந்து ஒரு பனையோலை விசிறியை எடுத்து என்னிடம் நீட்டினான். விளிம்பில் சிவப்புத் துணி வைத்துத் தைத்திருந்தது.

"அவ பின்னுனா அக்கா. என் எடத்துல நீங்க மிஷின் புடிக்கறீங்கன்னு சொன்னேன். அழுதுட்டா. பாவம், பொம்பள, வெயில்ல நிக்கறாங்களேன்னு."

என் வீட்டுக்காரர் இன்ஜினை நிறுத்தினார். "இங்க ஏதுடா வெயில்? நீ சொல்லலயா?"

"சொல்லல அண்ணே. ஆசையா பின்னுனா."

நான் மேடையில் அபலை என்று குரலை ஏற்றி இறக்கிய அந்தப் பெண், தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து எனக்காக இரக்கப்பட்டிருக்கிறாள். விசிறியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கூடவே அடக்க முடியாத சிரிப்பும் வந்தது. மிஷின் பிடியைத் தம்பி கையில் கொடுத்தேன். சுவெட்டருக்கு மேல் சால்வையையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்தப் பனிக்குள் நின்று விசிறிக்கொண்டேன்.