பதினாறு, நாலரை, ஈ.சி.ஆர்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு, என் மகள் எழுதியதை என்னால் படிக்க முடியாமல் போனது.

அடுப்பில் பால் இருந்தது. அது பொங்குவதற்குள் கைபேசியில் அவளுடைய பக்கத்தைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலும் பழையதுதான் இருக்கும். அதையே மறுபடி படிப்பேன். அன்று புதிதாக ஒன்று வந்திருந்தது, நீளமாகவும் இருந்தது. ஆனால் அதில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. தலையில் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில 'ஏ', அதை ஒட்டி அரிசி மூட்டையில் கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் இருக்குமே, வட்டத்துக்குள் 'ஆர்', பிறகு ஏதோ ஒரு குறி. மறுபடியும் அதே 'ஏ', அதே வட்டம். பக்கம் முழுக்க அப்படியே இறங்கிக்கொண்டு போனது. பால் பொங்கி அடுப்பு அணைந்ததும் எனக்குத் தெரியவில்லை.

மகள் சரக்குக் கப்பலில் பயிற்சி அதிகாரி. நடுக்கடலில் அவளுக்கு இணையம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பேச முடியாது, முகம் பார்க்க முடியாது. வாரத்தில் ஓரிரு முறை சின்னதாக ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். அதனால் கிளம்புவதற்கு முன்பே நாவலூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் மைத்துனர் மகனிடம் சொல்லி ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள். அவள் அனுப்புவது அவன் வைத்திருக்கும் சர்வர் என்ற கணினிக்குப் போகும். அங்கே தானாக ஒரு வலைப்பக்கமாகிவிடும். நான் செங்கல்பட்டில் வங்கியில் இருந்தாலும், என் மனைவி கோவளத்தில் அவள் அண்ணன் வீட்டில் இருந்தாலும், அதைத் திறந்து படிக்கலாம். பக்கத்தின் கீழே ஒரு பெட்டி. அதில் நாங்கள் எழுதுவது அவளுக்கு அஞ்சலாகப் போய்ச் சேரும்.

அவள் எப்போதும் தமிழ் எழுத்தில்தான் எழுதுவாள். அம்மாவுக்கு ஆங்கில எழுத்தில் தமிழைப் படிப்பது பிடிக்காது என்பதால். மத்தியான வெயிலில் கடல் கறுப்பாகத் தெரியும் என்று எழுதுவாள். சமையல்காரர் சாம்பாரில் சர்க்கரை போடுகிறார் என்று எழுதுவாள். என்ஜின் நின்றால்தான் தூக்கம் கலைகிறது என்று ஒருமுறை எழுதினாள். அதைப் படித்துவிட்டு, எங்கள் திருக்கழுக்குன்றம் வீட்டின் அமைதியில் அவளுக்கு இனிமேல் தூக்கம் வருமா என்று நான் கவலைப்பட்டேன். கவலைப்பட எனக்கு ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கம் மற்றவை போன்றது இல்லை. முந்தின வாரம் நான் அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். கப்பல் கொழும்புக்கு வெளியே கடலிலேயே நிற்கும், படகு வந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகும், துறைமுகத்துக்குள் கப்பல் வராது என்று அவள் எழுதியிருந்தாள். "அங்கே நீயும் இறங்கி வந்துவிடேன். இல்லை இன்னும் ஆறு மாதமா? எப்போது வருவாய்?" என்று பெட்டியில் எழுதினேன். அதற்கான பதில்தான் இது. பதில் வந்துவிட்டது, என் கையில் இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை.

மனைவிக்கு நான் கேட்டதே பிடிக்கவில்லை. அவள் கோவளத்துக் கடற்கரைக் குடும்பம். கடலுக்குக் கிளம்புகிறவரிடம் எப்போது திரும்புவாய் என்று அவர்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. ஐஸ் ஏற்றியாச்சா, டீசல் போதுமா என்றெல்லாம் கேட்பார்கள். அந்த ஒன்றை மட்டும் கேட்கமாட்டார்கள். நான் உள்பக்கத்து நெல் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவன். எங்களுக்கு நாற்று விடுவதிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரு தேதி வேண்டும்.

"இன்னாங்க, பாப்பா இன்னா எழுதிகீது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கைபேசியை நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எப்ப வருவேன்னு கேட்டீங்கல்ல? கடலு பதில் சொல்லிகீது. படிச்சுக்கோங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அடுப்பைத் துடைக்கும்போது துணியை வேகமாக இழுத்த விதத்தில் அவளுக்கும் பயம் இருந்தது தெரிந்தது.

பக்கத்தோடு ஒரு புகைப்படமும் இருந்தது. தொட்டால் படம் திறக்கவில்லை. ஏதோ ஒரு கோப்பு இறங்கியது. அதை எதைக் கொண்டு திறப்பது என்று கைபேசி என்னைக் கேட்டது. எனக்கு எப்படித் தெரியும்?

நாவலூருக்கு ஃபோன் போட்டேன். மைத்துனர் மகன் அப்போதுதான் எழுந்திருந்தான்.

"மாமா, நேத்து ராத்திரிதான் எல்லாத்தையும் புது மெஷினுக்கு மாத்துனேன். செக் பண்ணிட்டேன், சூப்பரா வருது."

"எனக்கு வரலையேப்பா."

"உங்க ஃபோன்தான் பேஜார் பண்ணுது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

ஆஃப் செய்து ஆன் செய்தேன். செங்கல்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு கைபேசிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஃபான்ட் பிரச்சினை என்று சொல்லி எதையோ ஏற்றினார். என் கைபேசியில் மணி காட்டும் எண்கள் மட்டும் அழகாக மாறின. வங்கியில் என் பக்கத்து மேசைக்காரர் அந்த எழுத்துகளை நகலெடுத்து மொழிபெயர்க்கும் செயலியில் போட்டுப் பார்த்தார். போர்ச்சுகீசிய மொழி என்று அது சொன்னது.

"சார், பொண்ணு அங்க யாரையாவது பாத்துடிச்சோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

'படிக்க முடியவில்லை, ஆங்கிலத்தில் மறுபடி அனுப்பு' என்று பெட்டியில் எழுதினேன். பதில் வரவில்லை. அவளுக்கு அடுத்த அஞ்சல் வாய்ப்பு எப்போதென்று எனக்குத் தெரியாது. பக்கத்தின் படத்தை மைத்துனர் மகனுக்கும் அனுப்பினேன். ஆபீசில் வேலை நெருக்குகிறது, முடிந்ததும் பார்க்கிறேன் என்று மட்டும் எழுதினான்.

அன்று சாயங்காலம்தான் அதைக் கவனித்தேன். அந்தக் குப்பைக்கு நடுவில் சில இடங்கள் சுத்தமாக இருந்தன. அவள் எண்ணாகவும் ஆங்கிலமாகவும் எழுதியவை மட்டும் சேதமில்லாமல் வந்திருந்தன. ஓரிடத்தில் பதினாறு. கொஞ்சம் தள்ளி நாலு முப்பது. அதை அடுத்து ஈ.சி.ஆர். என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். வேறு எதுவும் இல்லை.

எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. இறங்கி வருகிறாயா என்று கேட்டேன். பதினாறாம் தேதி நாலரைக்கு ஈ.சி.ஆர். என்கிறாள். கொழும்பிலிருந்து விமானத்தில் சென்னை, அங்கிருந்து பஸ். ஈ.சி.ஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால், எங்கள் ஊருக்குப் பூஞ்சேரி கூட்டுரோட்டில்தான் இறங்க வேண்டும். கல்லூரியில் படித்த காலத்தில் அவள் அங்கேதான் இறங்குவாள், நான் வண்டியோடு நிற்பேன். பதினாறு என்றால் வியாழக்கிழமை.

மனைவியிடம் சொன்னேன். "எனக்கு இன்னா தெரியும்? எழுத்தே தெரியல, இதுல தேதியாம்" என்றாள். ஆனால் புதன்கிழமை அவளே மகளின் மெத்தையை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய்க் காயப்போட்டாள். கோவளத்துக்கு ஃபோன் செய்து, நல்ல சங்கரா மீன் வந்தால் எடுத்து வைக்கும்படி அண்ணியிடம் சொன்னாள். யாருக்கு என்று அண்ணி கேட்டிருக்க வேண்டும். "நாங்கதான் துன்னப்போறோம், வேற யாரு?" என்று சத்தம் போட்டுவிட்டு வைத்தாள்.

நான் மகளின் ஸ்கூட்டரைத் துடைத்தேன். மாதக்கணக்கில் நான்தான் அதை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சுற்று ஓட்டிவருகிறேன். இருக்கையின் உயரம் அவளுக்கு ஏற்றதாக இருக்கும், எனக்கு முட்டி இடிக்கும். அன்று அதில் உட்கார்ந்தபோது, இனி இது இடிக்காது என்று தோன்றியது. கண்ணாடிகளை அவள் உயரத்துக்குத் திருப்பி வைத்தேன்.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டேன். நாலு மணிக்கே இருவரும் பூஞ்சேரியில் நின்றோம். மூட்டை முடிச்சோடு மூன்று பேர் திரும்ப வேண்டுமே என்று ஆட்டோவில் போயிருந்தோம். மாமல்லபுரம் போகிற வெளியூர்க்காரர்கள் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பஸ் வரும்போதும் நான் ஓரடி முன்னால் போவேன், மனைவி என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுப்பாள். இஸ்திரி போட்ட புடவை கட்டியிருந்தாள். வெள்ளிக்கிழமைதான் அப்படிக் கட்டுவாள்.

அப்போதுதான் மைத்துனர் மகன் அழைத்தான்.

"மாமா, சாரி மாமா. சரி பண்ணிட்டேன். இப்ப திறந்து பாருங்க. தப்பு என்னோடதுதான்."

"என்னப்பா ஆச்சு?"

"ஒவ்வொரு கோப்பையும் அனுப்பறப்ப சர்வர் முன்னாடி ஒரு குறிப்பு அனுப்பும் மாமா. இது எழுத்து, இது படம்னு. எழுத்துன்னா எந்த முறையில படிக்கணும்னும் சொல்லணும். பழைய மெஷின்ல நானே அதெல்லாம் போட்டு வச்சிருந்தேன். புதுசுல போட மறந்துட்டேன். அது பாட்டுக்கு எல்லாத்தையும் ஐரோப்பா எழுத்துன்னு சொல்லிகினு இருந்துச்சு. படத்தைப் படம்னே சொல்லல. உள்ள அவ எழுதுனது ஒண்ணும் கெடல, அப்படியே கீது."

"நீ செக் பண்ணேன்னு சொன்னியே?"

"வணக்கம்னு அடிச்சுப் பாத்தேன் மாமா. இங்கிலீஷ் எழுத்துல. இந்த மெஷின்ல என் ஃப்ரெண்ட்ஸ் ஏழெட்டுப் பேர் எழுதறாங்க. எல்லாரும் தமிழ்தான், ஆனா எல்லாரும் இங்கிலீஷ் எழுத்துலதான் அடிப்பாங்க. ஒருத்தனுக்கும் எதுவும் தெரியல. தமிழ்ல எழுதறது நம்ம பாப்பா ஒருத்திதான்."

பக்கத்தைத் திறந்தேன். தமிழ் வந்துவிட்டது. அவளுடைய தமிழ், வரிக்கு நடுவில் மூச்சு வாங்குகிற மாதிரி கமா போடுவாளே, அது.

'அப்பா, இந்தத் தடவை நான் கொழும்பில் இறங்கவில்லை. இன்னும் ஆறு மாதம், பிறகு தேர்வு எழுதலாம், அதனால் சரி என்று சொல்லிவிட்டேன். என் கேபினில் இருந்த பெண் இறங்குகிறாள், படத்தில் இடது பக்கம் நிற்பவள். காரைக்கால் போகும் வழியில், 16 வியாழன் மாலை 4:30 போல, ECR பஸ்ஸில் பூஞ்சேரி வருவாள். உங்களுக்காகவே இறங்குகிறாள், போய்ப் பாருங்கள். அம்மாவிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், எப்போது வருவாய் என்று கேட்காதது அவள் வீட்டு வழக்கம்.'

வழக்கம்போல இரண்டாவது முறையும் படித்தேன். படத்தையும் திறந்து பார்த்தேன். ஆரஞ்சு நிற வேலையுடுப்பில் இரண்டு பேர். வலப்பக்கம் இருந்தவள் இளைத்திருந்தாள்.

"இன்னா, வருதா?" என்றாள் மனைவி. அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைபேசியை அவளிடம் கொடுத்தேன். உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தாள். முடித்ததும் முந்தானையில் திரையைத் துடைத்தாள், என் கையில் திருப்பிக் கொடுத்தாள். நாங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போகலாம் என்று எனக்குத் தோன்றியது. யாரையும் பார்க்க எனக்குத் தெம்பில்லை. "இருங்க, யார் பெத்த புள்ளயோ, நமக்காக இறங்குது" என்றாள் அவள்.

அந்தப் பஸ் நாலரையைத் தாண்டித்தான் வந்தது. பின்பக்கப் படியில் ஒரு பெண் பெரிய பையை முதலில் இறக்கிவிட்டுப் பிறகு தான் இறங்கினாள். வெயிலில் கறுத்திருந்தாள். கழுத்தில் காலர் இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. நிற்கிறவர்களையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு நேராக எங்களிடம் வந்தாள். எங்கள் மகள் எங்களை எப்படி வர்ணித்திருந்தாளோ தெரியாது, துளி சந்தேகம்கூட அவளுக்கு வரவில்லை.

வணக்கம் சொல்லவில்லை, பையைத் தரவில்லை. என் தோளைப் பிடித்து வெயில் விழும் பக்கமாகத் திருப்பினாள். என் மனைவியையும் பக்கத்தில் நிறுத்தினாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆடாம நில்லுங்கப்பா. ரெண்டு பேரையும் நல்லா பாத்துட்டு, எப்படி இருக்கீங்கன்னு எழுதச் சொன்னா. நல்லா இருக்கோம்னு நீங்க எழுதறத அவ நம்பறதே இல்ல."