ஸ்லாவே கை தூக்கிய ஆட்டம்

பதினான்கு பருவங்களில் முந்நூற்றிருபது ஆட்டங்கள். அடித்த கோல் நாலே நாலு. போர்ட் கெம்ப்ளா கால்பந்து அணியின் ரசிகர்கள் முன்கள ஆட்டக்காரர்களுக்கெல்லாம் பாட்டுக் கட்டினார்கள். பின்களத்தின் நடுவில் நின்ற ஸ்லாவேவுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. மூக்கு உடைந்த வாரத்திலும் அவன் ஆடினான். அவன் இருப்பான் என்பது ஊருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அவன் இடத்துக்கு மாற்று லியம். மூன்று வருஷமாகப் பெஞ்சில் உட்கார்ந்தே இருபத்தேழு வயதாகிவிட்டது. "உன் மூட்டு எப்பப்பா தேயும்?" என்று வாராவாரம் கேட்பான். ஸ்லாவே சிரிப்பான். இந்த வருஷம் நிஜமாகவே தேய்ந்துகொண்டிருந்தது. அது அவன் மனைவி வெஸ்னாவுக்கு மட்டும் தெரியும்.

கடைசி லீக் ஆட்டம். சமனில் முடித்தாலே அடுத்த சுற்று. பாதி நேரத்துக்கு முன்பே ஒரு கோல் முன்னிலை கிடைத்தது. அறுபத்தெட்டாவது நிமிடம் எதிரணியின் பத்தாம் எண் இடதுபக்கம் வெட்டித் திரும்பினான். ஸ்லாவே கூடவே திரும்ப முயன்றான். வலது முழங்கால் வரவில்லை. பத்தாம் எண் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டு வெளியே போனது.

கோல்கீப்பர் ஃபாலெட்டோ ஓடி வந்தான். "என்னடா ஆச்சு? நீ இப்படி விடுற ஆளே இல்லையே."

"கால் திரும்பல."

"சமாளிச்சுக்கோ மச்சான். இருபது நிமிஷம்தான். நீ போனா எல்லாருக்கும் கை நடுங்கிரும்."

நாலு நிமிடம் சமாளித்தான். பத்தாம் எண்ணுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பந்து வருகிறபோதெல்லாம் அந்தப் பக்கமே வந்தான். இன்னொரு தடவை வந்தால் தள்ளிவிடத்தான் வேண்டும், பெனால்டிதான் என்று ஸ்லாவேவுக்குத் தெரிந்தது. பெஞ்சைப் பார்த்துக் கை தூக்கினான். பதினான்கு வருஷத்தில் முதல்முறை.

கோச் டெரி கோட்டருகே வந்து கத்தினார். "பத்து நிமிஷம் தாங்குடா!"

"தாங்க மாட்டேன் கோச். லியமை அனுப்புங்க."

கூட்டத்திலிருந்து யாரோ, "இந்த நேரத்துலயா ஓடுற?" என்றான். ஸ்லாவே நொண்டிக்கொண்டே கோட்டைத் தாண்டினான். லியம் முகம் வெளுத்திருந்தது.

"பத்தாம் நம்பர் உள்ளே வெட்டுவான். பந்தைப் பாக்காத, அவன் இடுப்பைப் பாரு."

"சரிண்ணே" என்றான் லியம். அதுவரை அவன் ஸ்லாவேயை அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

எண்பத்தொன்பதாவது நிமிடம் எதிரணியின் ஒரு கார்னரில் கோல் விழுந்தது. ஸ்லாவே இருந்திருந்தால் அவன் தலைக்கு வந்திருக்க வேண்டிய பந்து. ஒன்றுக்கு ஒன்று. கூடுதலாக ஐந்து நிமிடம். கடைசி நிமிடம் பத்தாம் எண் மறுபடி உள்ளே வெட்டினான். லியம் ஏமாறவில்லை, காலை நீட்டி, சத்தமில்லாமல், பந்தை மட்டும் எடுத்தான். விசில் ஒலித்தது.

அடுத்த சுற்றில் லியம்தான் ஆடினான். தோற்றார்கள். ஸ்லாவேவின் மூட்டைப் பார்த்த மருத்துவர் இனி ஆட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

காரில் திரும்பும்போது வெஸ்னா கேட்டாள். "அன்னிக்கு கை தூக்காம இருந்திருக்கலாம்னு தோணுதா?"

அவன் வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

"தினமும் தோணுது. ஆனா நான் நின்னிருந்தா ரெண்டு கோல் போயிருக்கும்."