தூங்க வைத்த கையும் அழ வைத்த கையும்

எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. யார் மேல் என்று கேட்டால் முதலில் என் மேல்தான். அப்புறம் என் அக்காள் மேல், அதற்கும் அப்புறம் பிள்ளையைக் குளிப்பாட்ட வந்தவள் மேல். காலையும் மாலையும் சாமி கும்பிடுகிறவன் இத்தனை கோபத்தை வயிற்றில் வைத்திருக்கக் கூடாது. தெரிந்தும் எழுதுகிறேன்.

யுத்தம் வருவதற்கு முன்னால், வெள்ளைக்காரன் ராஜ்யத்தில் நடந்தது. கள்ளிக்குப்பத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை இருந்தது. புருஷனை இழந்த என் அக்காள் எங்களோடு இருந்தாள். வீட்டில் அவள் சொல்தான் சொல். எனக்கும் என் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகள் பிறந்து, ராப்பகலாக அழுது அழுதே தங்காமல் போயின. மூன்றாவது ஒரு பெண். முகம் நிலா மாதிரி இருந்தது. இடது பாதம் மட்டும் உள்பக்கமாகத் திரும்பி, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்தபடி மடங்கியிருந்தது.

பிறந்த பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் கைகால் உருவிக் குளிப்பாட்ட எங்கள் பக்கத்தில் ஒருத்தி வருவாள். இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் கிடத்தி, எண்ணெயைச் சூடு பறக்கத் தேய்ப்பாள். வெந்நீர் ஊற்றிச் சாம்பிராணி காட்டுவாள். பஞ்சு மாதிரி கை. அவள் தேய்க்கும்போதே பிள்ளைக்குக் கண் சொக்கிவிடும். போட்ட இடத்தில் உச்சிப்பொழுது வரைக்கும் தூங்கும்.

"கால் இன்னா பெரிய சங்கதி அண்ணாத்தே? நான் உருவுற உருவுல தன்னால நேராப் பூடும்" என்றாள்.

என் மனைவி அதை நம்பவில்லை. அம்பத்தூர் ஏரிக்கரையில் ஒரு கட்டு வைத்தியர் இருந்தார். பனைமரத்திலிருந்து விழுந்தவன், வண்டிச் சக்கரம் ஏறினவன் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். அவரை அழைத்து வரச் சொல்லி என்னைப் பிடுங்கி எடுத்தாள். போனேன். வந்தார். பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தம்மா தேய்க்கிறது ஒடம்பு சுகத்துக்கு. வேணாம்னு நான் சொல்லலை, புள்ள நல்லாத் தூங்கட்டும். ஆனா கால் திரும்பணும்னா அது வேற கை நைனா. நரம்பை இழுத்துப் புடிச்சி நிறுத்தணும். புள்ள கத்தும், நீ பல்லைக் கடிச்சிகினு இருக்கணும். மூணு மாசம், ஒரு நாள் உடக் கூடாது. எலும்பு இப்போ வெண்ணெய் மாதிரி கீது. இறுகிப் போனா என்னைக் கேக்காதே."

தினமும் வந்து, இடது கையில் குதிகாலை ஏந்திக்கொள்வார். வலது கட்டைவிரலைப் பாதத்தின் பள்ளத்தில் வைத்து, வெளிப்பக்கமாக அழுத்தி, அப்படியே பிடித்திருப்பார். பிறகு கெண்டைக்காலிலிருந்து குதிகால் வரைக்கும் அழுத்தி நீவுவார். மறுபடி பாதம். கடைசியில் முட்டை வெள்ளையில் நனைத்த துணியைச் சுற்றி, இரண்டு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார். அவர் தொட்டதும் ஆரம்பிக்கிற அழுகை கட்டி முடித்த பிறகும் ஓயாது.

"அடப்பாவி, இன்னா கை அது, இரும்பா? புள்ளைக்குத் தொப்புள் தள்ளிக்கும்டா. ரெண்டைத் தூக்கிக் குடுத்தது போதாதா உனக்கு?" என்று அக்காள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அழுகிற பிள்ளை போய்விடும், தூங்குகிற பிள்ளை தங்கும். இரண்டு சாவைப் பார்த்த வீட்டுக்கு அவ்வளவுதான் கணக்கு. ஒன்பதாம் நாள் மனைவி கட்டைப் பிரித்துக் காட்டினாள். "பாருங்க, முன்னே உள்ளங்கால் முழுசாத் தெரியும். இப்போ பாதிதான் தெரியுது." நான் சரியாகப் பார்க்கவில்லை. என் காதில் அழுகைதான் இருந்தது.

பத்தாம் நாள் வாசலிலேயே அவரை மறித்து, இனி வேண்டாம் என்றேன். அவர் உடனே போகவில்லை.

"பச்சப் புள்ள அழுதா, பால் குடிச்சா மறந்துடும். நாளைக்கு நடக்கறப்போ அழுதா, இன்னாத்தைக் குடுத்து மறக்கடிப்பே?"

"அம்மன் பாத்துக்குவா" என்றேன்.

"அம்மன் அனுப்பிச்சிதான் வந்துகினு கீறேன்னு நெனச்சேன்" என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். என் மனைவி மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அப்புறம் வீடு அமைதியாகிவிட்டது. எண்ணெய், வெந்நீர், சாம்பிராணி, தூக்கம். "பாருடா, எப்பிடித் தூங்குது என் தங்கம்" என்று அக்காள் திருஷ்டி கழிப்பாள். பிள்ளை கொழுகொழுவென்று ஆனது. தூக்கத்தைப் பார்த்துப் பார்த்துக் காலைப் பார்க்க மறந்தோம்.

பதினோராம் மாதம் அது உரலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. வலது பாதம் தரையில் பதிந்தது. இடது பாதத்தின் வெளிவிளிம்பு மட்டும் பட்டது. கையை விட்டதும் விழுந்தது. எழுந்தது, மறுபடியும் விழுந்தது.

குளிப்பாட்டினவளைக் கூப்பிட்டு, "தன்னால நேராப் பூடும்னு சொன்னியே?" என்று கத்தினேன்.

"நான் இன்னா வைத்தியச்சியா அண்ணாத்தே? புள்ளைக்கு நோவாம குளிப்பாட்டுறவ. அந்தக் கால் அப்பிடித்தான்னு எழுதிகீது" என்றாள். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே பாவி! ஆனால் வைத்தியர் முதல் நாளே சொன்னாரே, அதை எங்கே கேட்டேன் நான்?

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனோம். பாதத்தை அழுத்திப் பார்த்துவிட்டு அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. "இப்போ பாதிதான் வரும். அதுக்கே வருஷம் ஆவும்" என்றார். தினமும் வரத் தம்மால் முடியாது என்று என் மனைவியின் விரலைப் பிடித்து, எங்கே அழுத்துவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று பழக்கிவிட்டார்.

அந்த ஒரு வருஷமும் தினம் காலையில் முழங்காலை நான் பிடித்துக்கொள்வேன், அவள் பாதத்தை இழுப்பாள். விவரம் தெரிந்த பிள்ளை என் முகத்தைப் பார்த்து "வேணா நைனா, வேணா நைனா" என்று கதறும். ஒரு நாள் அக்காள் வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "எக்கா, வெளியே போ" என்றேன். பிறந்ததிலிருந்து அவளை நான் அப்படிப் பேசியதில்லை. அவளும் பயத்தில்தான் செய்தாள், அது எனக்குத் தெரியும். தெரிந்தாலும் கோபம் போகவில்லை.

வைத்தியர் சொன்னபடி பாதிதான் வந்தது. குதிகால் இன்னும் தரையில் முழுசாகப் படுவதில்லை.

அதற்கு ஐந்து வயதானபோது மாங்காட்டுக்குக் கூட்டிப் போயிருந்தோம். கோயிலில் ஒரு கிழவி அதன் நடையைப் பார்த்து, "ஐயோ பாவம், ஆத்தா இப்பிடி சோதிச்சிட்டாளே" என்றாள்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "ஆத்தா மேல பழி போடாதே. ஆத்தா வைத்தியரை வாசல் வரைக்கும் அனுப்பினா. நான்தான் திருப்பி அனுப்பினேன்" என்றேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கோயில்ல கத்தாதீங்க, வாங்க" என்று மனைவி என் கையைப் பிடித்தாள்.

பிள்ளை எங்களுக்கு முன்னால், ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, பிராகாரத்தைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. என் இரண்டு காலும் நன்றாக ஊன்றி நடக்கிறதே என்று வெட்கப்பட்டுக்கொண்டு அதன் பின்னால் போனேன்.