வேதவாசிப்பு அட்டவணையில் ஒரு பெயர்

மன்னிக்கும் குணம் எங்கள் குடும்பத்தில் அம்மப்பாவோடு முடிந்துபோனது. இருந்ததையெல்லாம் அவரே செலவழித்துவிட்டார். எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

அம்மப்பா தபால்காரர். வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் ஊர்களில் சைக்கிளில் கடிதம் கொடுத்தே ஓய்வுபெற்றவர். காலையிலும் மாலையிலும் முழங்காலில் நிற்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையில் வேதபாடம் வாசிப்பார். தங்கள் வீட்டுக்கே வந்த கடிதத்தை யாரோ வாசித்துக் காட்டுவதுபோல ஆட்கள் காதைக் கொடுத்துக் கேட்பார்கள்.

கடைசிக் காலத்தில் அவர் கண் மங்கியது. வெளியில் சொல்லவில்லை. கிழமை முழுக்க அம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பாடமாக்கி, ஞாயிறன்று புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு ஒப்புவித்தார். ஓர் எழுத்துப் பிசகியதில்லை. ஒரு ஞாயிறு, பக்கத்தில் நின்ற சபைச் செயலாளர் எட்டிப் பார்த்திருக்கிறார். விரிந்திருந்தது வேறு அதிகாரம். ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, ஊருக்கே கேட்கச் சொன்னார்:

"பெரியவர் வாசிக்கல்ல கா, ஒப்பிக்கிறார்! வேதவாசிப்பெண்டா பாத்து வாசிக்கணும். ஏலாட்டி இருந்து கேக்கணும்."

சிலர் சிரித்தார்கள். அம்மப்பாவும் சிரித்தார். அவர் கோப்பை மட்டும் சாசரில் தட்டிக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் வாசிப்பு அட்டவணையில் அவர் பெயர் இல்லை.

அதன் பிறகு இரண்டு வருடம், மூன்றாவது வாங்குப் பலகையில் உட்கார்ந்து, யாரோ வாசிக்க, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். வீட்டு ஜெபத்தில் செயலாளருக்கு நீடிய ஆயுள் கேட்டார்.

"அந்தாளுக்கு எதுக்கு அம்மப்பா ஆயுள்?"

"உடு மனே கோவத்த. நீயும் கேள்."

நானும் கேட்டேன். நான் கேட்டது வேறு. கடவுள் மூத்தவர் கேட்டதையே கொடுத்தார். அதுவும் நல்லதுக்குத்தான். பழிவாங்குவதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே.

அம்மப்பாவை அடக்கம் செய்த அடுத்த ஞாயிறே நான் பக்திமானாக மாறினேன். அதுவரை நத்தார்ப் பண்டிகைக்கும் சாவுக்கும் மட்டும் கோயில் பக்கம் போனவன், ஒரு வாரமும் தவறாமல் போய் மூன்றாவது வாங்கில் இருந்தேன். போதகர் என்னை உதாரணம் காட்டிப் பிரசங்கித்தார். வெட்கத்தில் தலையைக் குனிந்தேன். அதைத் தாழ்மை என்றார்கள்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் எனக்கு விரிவுரை நேர அட்டவணை போடுகிற வேலை. பிடிக்காத ஆளுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, காற்றாடி ஓடாத மண்டபத்தைக் கொடுப்பது எப்படி என்று நன்றாகவே தெரியும். நான்காவது வருடம் சபையின் வேதவாசிப்பு அட்டவணையும் என் கைக்கு வந்தது.

செயலாளர் அப்போது முன்னாள் செயலாளர். இரண்டு கண்ணிலும் புரை. சுவரைத் தடவிக்கொண்டுதான் பீடத்தில் ஏறுவார். ஆனாலும் தடங்கலில்லாமல் வாசித்தார். எப்படி வாசிக்கிறார் என்று என் வீட்டில் வளர்ந்தவனுக்குச் சொல்லத் தேவையில்லை.

அவருக்கு வம்ச வரலாற்றைப் போட்டேன். யார் யாருக்கு மகன் என்று தொடங்கி, நாக்குச் சுளுக்கும் பெயர்களாகவே போகிற அதிகாரம்.

"தம்பி, இந்த வாரத்துக்கு இதுவா வருது?" என்றார் போதகர்.

"இதுதான் வருது ஐயா."

வரவில்லை. வருவித்தேன்.

அந்த ஞாயிறு நேரத்தோடு போய், பீடத்துப் புத்தகத்தை வேறு பக்கத்தில் விரித்துவைத்தேன். தேநீர் நேரத்தில் சொல்ல வேண்டிய வசனமும் தயார். பழைய வசனம்தான்; ஆறு வருடமாக வாய்க்குள் ஊறிக் கிடந்தது.

அவர் தொடங்கினார். கண் புத்தகத்தில் இல்லை, எதிர்ச் சுவரில். பத்துப் பதினைந்து தலைமுறை நன்றாகப் போனது. பிறகு நின்றது. வெளியே ஒரு முச்சக்கரவண்டி போனது. அவர் கை தாளைத் தடவியது, அங்கே ஏதோ தட்டுப்படும் என்பதுபோல. எனக்கு நெஞ்சு நிறைந்து வந்தது. பரலோகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அப்போது யாரோ அடுத்த பெயரைச் சொன்னார்கள். என் குரல்.

இதை விளக்க வேண்டும். சின்ன வயதில் நான் பொய் சொன்னால் அம்மப்பா அடிக்கமாட்டார். வம்ச வரலாற்றைப் பாடமாக்கச் சொல்வார். நான் பொய்யில் கெட்டிக்காரன். ஆகவே அந்த அதிகாரம் எலும்புவரைக்கும் இறங்கியிருந்தது. யாராவது ஒரு பெயரில் நின்றால் அடுத்தது தானாக வந்துவிடும், தும்மல் மாதிரி.

அவர் தொடர்ந்தார். மறுபடி நின்றார். மறுபடி என் வாய். கடைசித் தலைமுறைவரை அவரைக் கைபிடித்துக் கொண்டுபோய் விட்டவன் நானேதான்.

தேநீர் நேரத்தில் நேராகப் போய் அவர் முன்னால் நின்றேன். சபையே என்னைப் பாராட்டத் தயாராகச் சுற்றி நின்றது.

"ஐயா, நீங்க வாசிக்கல்ல. ஒப்பிச்சீங்க."

அவர் என் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். கோப்பை சாசரில் தட்டியது.

"ஓம் மனே. உங்கட அம்மப்பாவ அண்டைக்கு நான் சொன்னதுதானே?"

"அதேதான்."

"அப்ப நீ? நீ புத்தகம் பாத்தா சொன்ன?"

என் புத்தகம் வாங்கில், மூடியபடியே கிடந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மப்பா அன்றைக்கு எப்படிச் சிரித்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோபம் குறையவில்லை. கூடியது.

அன்று மாலையே அடுத்த மூன்று மாத அட்டவணையைப் போட்டு முடித்தேன். முதல் ஞாயிறே அவர் பெயர். இதைவிட நீளமான பட்டியல். சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் பெயர்கள். அது எனக்குப் பாடமில்லை. அவ்வளவு பெரிய பொய் எதையும் அம்மப்பா கண்டுபிடிக்கவில்லை.