‘ங்க’ போடப் பழக்கிய கதை

அதட்டல் சத்தம் மெஷின் சத்தத்தையும் தாண்டி வருகிற கட்டடத்தில் பிள்ளைகளுக்கு மரியாதை பழக்குவது என் பிழைப்பு. பல்லடம் போகிற வழியில் ஒரு பனியன் கம்பெனி. தைக்க வரும் அம்மாக்களின் பிள்ளைகளைப் பின்பக்க ரூமில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு தைத்த பீஸ்களைச் சரிபார்க்கும் செக்கிங்கில் நிற்க முடியாமல் போனதால் கிடைத்த வேலை. எட்டாவதோடு நின்றவள் நான். சேர்க்கும்போதே மேனேஜர் சொல்லிவிட்டார்: விளையாட்டாகவே மரியாதை பழக்க வேண்டும், புகார் வந்தால் படித்த பெண்ணாகப் பார்த்துப் போட்டுவிடுவேன் என்று. அன்றைக்குக் கெட்டது என் தூக்கம். அடுத்தவர் பிள்ளையைத் திருத்தப் போய்ப் பேச்சு வாங்கியவர்களுக்கு நான் படுவது புரியும்.

பஸ் விளையாட்டு

நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் பஸ். கழித்துப்போட்ட சைஸ் லேபிள்கள்தான் டிக்கெட். டெய்லர் சரசுவின் மகள் மிதுனா கண்டக்டர். “ஏறுனா ஏறு, இல்லீன்னா வழிய உடு” என்று ஆரம்பித்தாள். “அப்படிச் சொல்லக்கூடாது கண்ணு. ‘பார்த்து ஏறுங்க, உள்ளே தள்ளி நில்லுங்க’ன்னு சொல்லோணும்” என்றேன். ‘ங்க’ போட்டால்தான் டிக்கெட் என்றதும் எல்லாரும் போட்டார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. டீ நேரத்தில் மகளைப் பார்க்க வந்த சரசு கதவோரம் நின்று கேட்டுவிட்டுச் சொன்னாள்: “ஏனுங்கக்கா, நீங்க பஸ்ஸுல போயி ரொம்ப நாளாச்சுங்களா?”

கம்பெனி விளையாட்டு

இது நான் சொல்லிக்கொடுத்ததல்ல, அவர்களாகவே ஆடியது. மற்ற பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு வெறுங்கையில் தைத்தார்கள். மிதுனா சூப்பர்வைசர். “கை ஓடலை, வாய் மட்டும் ஓடுதா, எருமை” என்றாள். குரல்கூட எங்கள் சூப்பர்வைசருடையதுதான்.

ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். “‘கொஞ்சம் வெரசாத் தைங்க சாமி’ன்னு சொல்லிப் பாரு” என்றேன். இடுப்பில் கை வைத்து யோசித்தாள். பிறகு, பழக்கின மரியாதை குறையாமல் பதில் சொன்னாள்: “அப்படிச் சொன்னா பீஸ் வராதுங்க மிஸ்.”

பிங்கியின் மரியாதை

பிங்கியின் அப்பா அம்மா பீகாரிலிருந்து வந்தவர்கள். எந்த வார்த்தையானாலும் கடைசியில் ‘ங்க’ போட்டால் மரியாதை என்று நான் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள். ஒருநாள் சூப்பர்வைசர் எங்கள் ரூமுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். பிங்கி சிரித்த முகத்தோடு கையெடுத்துக் கும்பிட்டு, அவர் ஹெல்பர்களிடம் நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தையில் என் ‘ங்க’வைச் சேர்த்து, “போடாங்க” என்று வழியனுப்பினாள்.

அந்தச் சொல்லைக் கேட்கிறவர்கள் மீதியைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். அவரும் நிரப்பிக்கொண்டார். ‘போடா’வுக்குத்தான் மரியாதை சேர்த்திருக்கிறாள் என்று நான் சொன்னது எடுபடவில்லை. புகார் போனது. பனியன் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் இங்கே ஆட்களை எப்படி நடத்துகிறோம் என்று பார்க்க வருகிறார்கள், அன்றைக்குப் பிள்ளைகள் வாயிலிருந்து தப்பாக ஒரு சொல் வந்தாலும் அதோடு உனக்குக் கணக்கு முடிந்தது என்றார் மேனேஜர். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் சொன்னார்: “நாங்க வைஞ்சா குத்தம். இவங்க பழக்குன புள்ளைக கும்புட்டுக்கிட்டே வையுதுங்க.”

வந்தவர்கள் கேட்ட கேள்வி

வந்தார்கள். பிள்ளைகள் ஒரே குரலில் “வணக்கமுங்க” என்றார்கள். பிங்கியின் வாயில் முன்ஜாக்கிரதையாக பிஸ்கட்டைத் திணித்திருந்தேன். வந்தவர்களில் ஒரு பெண் மிதுனா முன்னால் மண்டியிட்டு ஏதோ கேட்டாள். கூட வந்தவர் தமிழில் சொன்னார்: “உங்க அம்மாவை இங்கே எப்படிக் கூப்பிடுவாங்க?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். சூப்பர்வைசர் மேலே ஃபேனைப் பார்த்தார். பிள்ளைகளின் அம்மாக்களையும் அழைத்து வந்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள், சரசுவும் நின்றாள். எருமை என்று காலையில் பேச்சு வாங்கியிருந்தாள், கண் இன்னும் சிவந்திருந்தது. மிதுனா அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, “‘வாங்க சாமி’ன்னு கூப்பிடுவாங்கங்க” என்றாள்.

வந்தவர்கள் சந்தோஷமாகக் கிளம்பினார்கள். இனி பயமில்லை, நீயே இரு என்றார் மேனேஜர். சாயங்காலம் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சரசு கேட்டாள்: “உங்க வேலை தங்கிருச்சுங்களாக்கா? என்ர புள்ளை என்ர முன்னாலயே பொய் சொல்லப் பழகிக்கிச்சு.”

மரியாதையை விளையாட்டாகப் பழக்கச் சொன்னார்கள். மரியாதை என்பதே இங்கே ஒரு விளையாட்டுத்தான் என்பதைப் பிள்ளைகள் என்னைவிடச் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள்.