சில்லில்லாத கப்பல்

வவுனியா ஸ்ரேசன் குவாட்டர்ஸில் எங்கள் முன்னறைச் சுவரில் ஒரு கப்பல் தொங்கியது. சீமையில் ஏதோ ஒரு ரயில்வேக்குச் சொந்தமான பிரயாணிக் கப்பல். கலண்டரிலிருந்து வெட்டிக் கண்ணாடி போட்டிருந்தார் அப்பா. இரண்டு பக்கமும் வண்டிச் சக்கரம் போலப் பெரிய துடுப்புச் சில்லுகள். கீழே பொடி எழுத்தில் அதன் சரித்திரம்: ஆற்றின் இந்தக் கரையில் ரயிலை விட்டு இறங்கியவர்களை அக்கரை ரயிலில் கொண்டுபோய்ச் சேர்த்தது, சண்டைக்காலத்தில் பட்டாளத்தைச் சுமந்தது, பிறகு பழையபடி சனத்தை ஏற்றியது. வருகிறவர்களை நிறுத்தி இதை வாசித்துக் காட்டாவிட்டால் அப்பாவுக்குச் சோறு செமிக்காது.

அப்பா ஸ்ரேசனில் தந்தி தட்டுகிறவர். ஆள் குறைந்த நாட்களில் கேற்றில் நின்று, இறங்கி வருகிறவர்களிடம் ரிக்கற்றும் வாங்குவார். தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போவதும் ரயில்வேக் கப்பல்தான். வவுனியாவில் எடுக்கும் ஒரே ரிக்கற்றில் ரயிலிலும் போகலாம், கப்பலிலும் போகலாம். ஆகவே அதுவும் தன் கந்தோரின், இலங்கை ரயில்வேயின், கப்பல் என்பது அவர் முடிவு. எங்களுக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை.

அக்கா மதுரையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். முதற்பிள்ளையைத் தாய்வீட்டில்தான் பெறவேண்டும் என்று ஏழாம் மாதத்தில் அழைத்தோம். அத்தானுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா அவள் பெயரில் ஓர் இலவச ரயில்வே பாஸ் எழுதுவித்துத் தபாலில் அனுப்பினார்.

"எதுக்கும் ரிக்கற்றுக்குக் காசும் அனுப்புங்கோ" என்றாள் அம்மா.

"ரயில்வேக்காரன்ரை பிள்ளை ரிக்கற் எடுத்துக் கப்பல் ஏறுறதோ? நாலு சனம் சிரிக்கும்!"

கையில் காசு கொண்டுவராதே, வழியில் கள்ளர் என்று கடிதத்திலும் எழுதிவிட்டார்.

அவளைக் கூட்டிவர அப்பாவோடு நானும் தலைமன்னார் துறைக்குப் போனேன். கப்பலைக் கண்டதும் எனக்குத் திக்கென்றது. சில்லே இல்லை.

"எங்கையப்பா சில்லு?"

"பேசாமல் நில்."

சனம் முழுக்க இறங்கியது. அக்கா இறங்கவில்லை. அப்பா கப்பல் சிப்பந்தி ஒருவரைப் பிடித்து விசாரித்தார்.

"அந்தக் கரையில பிள்ளத்தாச்சிப் பொண்ணு ஒண்ணு உங்க ரயில்வே பாஸோட நின்னுச்சுங்க. கப்பல் எங்க இந்தியா ரயில்வேதுங்க, அந்தப் பாஸ் செல்லாதே. பொட்டி மேல உக்காந்து அழுதுக்கிட்டிருந்துச்சு."

இருபது வருடம் ரயில்வேயில் இருந்த மனிதர், கப்பல் யாருடையது என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. கலண்டரை நம்பியிருக்கிறார்! அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். தந்திக் கருவி தட்டிக்கொண்டிருந்தது. கப்பலில் வந்த சேதியைத் தலைமன்னார் ஸ்ரேசன் அனுப்ப, அப்பா எழுத்தெழுத்தாகக் கடுதாசியில் எழுதிக்கொண்டிருந்தார். பென்சில் நடுவில் நின்றது. கருவி நிற்கவில்லை. அவர் மறுபடி குனிந்து கடைசிச் சொல்வரை எழுதினார். யாருடைய சேதியானாலும் முழுதாக எழுதவேண்டும் என்பது அவர்கள் தொழில்.

"அம்மாட்டைக் குடு" என்று கடுதாசியை நீட்டினார். வாசித்தேன். கப்பல் ஏறமுடியாமல் நின்ற அன்று இரவே, அக்கரைத் துறையின் ஸ்ரேசனிலேயே குறைமாதத்தில் பிள்ளை பிறந்து இறந்துவிட்டது. தாய் சுகம். சாப்பாட்டைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மாதம் கழித்து அக்கா வந்தாள். அன்று கேற்றில் நின்றவர் அப்பாதான். அவளைக் கண்டதும் விலகி வழிவிட்டார். அவள் நகரவில்லை. ரிக்கற்றை நீட்டினாள்.

"நீ போ பிள்ளை. உனக்கென்ன ரிக்கற்?"

"வாங்குங்கோ அப்பா. ரயிலுக்கும் கப்பலுக்கும் சேர்த்து எடுத்தது."

பின்னால் சனம் காத்து நின்றது. அப்பா கையை நீட்டி வாங்கினார்.