பெடல் படகில் துரத்திய மோட்டார்

தொண்ணூறுகளின் கடைசியில், அல்சூர் ஏரியில் வாடகைப் படகு விடும் இடத்தில் மெக்கானிக்காக இருந்தேன். அதற்கு முன் தொம்மலூரில் ஸ்கூட்டர் ரிப்பேர். ஏரியில் பெடல் படகுகள் நிறைய. மோட்டார் படகு ஒன்றே ஒன்று. அதன் பின்பக்கம் தொங்கிய மோட்டார்தான் என் பொறுப்பு.

ஏரித் தண்ணீரால்தான் அந்த எஞ்சின் சூடு தணியும். அடியில் இருக்கும் சின்ன பம்ப் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்ப, அது எஞ்சினைச் சுற்றிவிட்டுப் பின்பக்கத் துளை வழியாகப் பீய்ச்சி அடிக்கும். அது நின்றால் கொஞ்ச நேரத்தில் எஞ்சின் இறுகிப்போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பம்பின் ரப்பர் விசிறியை மாற்றினேன். வழக்கமாக மோட்டாரைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓட்டிப் பார்த்த பிறகுதான் படகில் மாட்டுவேன். அன்று கூட்டம் கேட் வரை நின்றது. படகு ஓட்டுகிற பாய் பிரேசர் டவுன்காரர், ஐம்பது வயதிருக்கும். "ஜல்தி மாட்டுப்பா, ஜனம் கத்துது" என்றார். மாட்டிக் கொடுத்தேன். ஆறு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பீடிக்காகச் சட்டைப் பையில் கைவிட்டேன். நகம் அளவு இரும்புத் துண்டு ஒன்று விரலில் இடித்தது. விசிறியைத் தண்டோடு பிணைக்கும் கீ. தொலையாமல் இருக்க நானேதான் பையில் போட்டிருந்தேன். அது இல்லாவிட்டால் தண்டு மட்டும் சுற்றும், விசிறி சுற்றாது.

கத்தினேன். இரும்புத் துண்டைத் தூக்கிக் காட்டினேன். படகு தீவுப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. பலகைத் துறையின் முனைவரை ஓடினேன், திரும்பினேன், மறுபடி ஓடினேன்.

டிக்கெட் கொடுக்கிற அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தினு இருக்கே?"

சொன்னேன். அடுத்த நொடி கவுன்ட்டர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வரிசையில் நின்றவர்கள் போட்ட கூச்சலை அவர் சட்டை செய்யவில்லை. "ஒத்த ஆளு எவ்ளோ நேரம் மிதிப்பே? நானும் வரேன், ஏறு."

ஒரு பெடல் படகை அவிழ்த்து இருவரும் மிதித்தோம். எவ்வளவு மிதித்தாலும் கரை பின்னால் போகிற மாதிரியே இல்லை. நான் எழுந்து எழுந்து பார்த்தேன். "உக்காருடா, கவுத்துடாதே!" என்று அதட்டினார். என் காதெல்லாம் மோட்டார் சத்தத்திலேயே இருந்தது. திடீரென்று அது நின்றது. என் கால்களும் நின்றுவிட்டன. மீதித் தூரம் பெரும்பாலும் அக்கா மிதித்ததுதான்.

மோட்டார் படகில் ஒரு குடும்பம். கைத்தடியோடு ஒரு பெரியவர், மடியில் குழந்தையோடு ஒரு பெண். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பாய் மோட்டார் மூடியைத் திறந்து வைத்திருந்தார். சூட்டில் கருகிய பெயின்ட் வாடை அடித்தது.

"தண்ணி பீய்ச்சல. பாத்ததும் ஆஃப் பண்ணிட்டேன்" என்றார். "பாசி அடைச்சிருக்கும், இல்ல?"

"ஆமா பாய்" என்றேன்.

அக்கா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து கீயை எடுத்து நீட்டினேன்.

"பாசி இல்ல பாய். இதப் போட மறந்துட்டேன்."

பாய் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ஆறு உசிரு இருக்குது இதுல" என்றார், மெதுவாக. பிறகு என்னைப் படகில் ஏறச் சொல்லி ஒரு துடுப்பைக் கையில் கொடுத்தார். அக்கா உட்கார்ந்திருந்த பெடல் படகைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாயும் நானும் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தோம். கைத்தடிப் பெரியவர் மட்டும் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மதியம் கீயைப் போட்டு மூடி, டிரம்மில் வெகுநேரம் ஓட்டினேன். தண்ணீர் நன்றாகவே பீய்ச்சியது. ஆனாலும் இன்னொரு தடவை கழற்றிப் பார்க்கக் கை பரபரத்தது. பாய் என் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கி வைத்தார்.

"போதும். இனிமே நீ கை வெச்ச அன்னிக்கு மொதல் ரவுண்டு நீயும் வரணும்."

"எனக்கு நீச்சல் தெரியாது பாய்."

"அதுக்குத்தான் கூப்பிடறேன்."

ஏறினேன். எதிரே தீவு வந்ததையும் போனதையும் பார்க்கவில்லை. ரவுண்டு முழுக்க மோட்டார் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.